ஊருக்குப் போகும் பெட்டிக்கு ஒரு தொங்கு தராசு: வாங்கலாமா?

விமானத்தில் ஊருக்குப் போகும்போது பெட்டியின் எடை நம் கையில் இருக்கும். திரும்பும்போது இருக்காது. டாக்சி வாசலில் வந்து நிற்கிற நேரத்திலும் ஆளாளுக்கு ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து செருகுவார்கள். யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. லக்கேஜ் ஸ்கேல் என்று கடைகளில் தொங்கும் அந்தச் சின்ன டிஜிட்டல் தராசுக்கு உண்மையான வேலை அந்தத் திரும்பும் பயணத்தில்தான். அதையும் மனதில் வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

பெரும்பாலான தராசுகள் 50 கிலோ வரை தாங்கும், 10 கிராம் படியில் எடை காட்டும். இந்த 10 கிராமைப் பார்த்து ஏமாற வேண்டாம். திரையில் 22.87 என்று வருவதால் கடைசி இலக்கம்வரை சரி என்று அர்த்தமில்லை. உள்ளே இருப்பது ஓர் உலோகத் துண்டும் அதில் ஒட்டிய மெல்லிய உணரியும்தான். எடை இழுக்கும்போது உலோகம் துளி வளையும், உணரியின் மின்தடை மாறும், அதைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. ஒரே பெட்டியை மூன்று முறை தூக்கினால் 100 கிராமுக்குள் வித்தியாசம் வந்தால் நல்ல தராசு. அதற்கு மேல் தாவினால் தராசையோ தூக்கிய விதத்தையோ சந்தேகப்படுங்கள்.

முக்கால்வாசி நேரம் தப்பு தூக்கும் விதத்தில்தான். முதலில் வெறும் தராசை ஆன் செய்து 0.00 வரும்வரை காத்திருக்க வேண்டும். பெட்டியை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினால், அந்த இழுப்பையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பிறகு காட்டுவதெல்லாம் குறைவாகவே இருக்கும். பெட்டி தரையை விட்டு முழுசாக எழும்ப வேண்டும், முழங்காலில் சாயக் கூடாது; சாய்ந்தால் ஒன்றிரண்டு கிலோ காணாமல் போகும். ஆட்டம் நின்று, பீப் சத்தம் வந்து எண் உறையும்வரை பிடித்திருக்க வேண்டும். கை நடுங்கினால் ஏதோ ஓர் எண்ணில் உறைந்துவிடும். மூன்று தடவை பார்த்து, அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 23 கிலோவை ஒற்றைக் கையில் அப்படிப் பிடிப்பது எல்லாராலும் ஆகாது. தராசின் கைப்பிடிக்குள் ஒரு வலுவான கம்பை நுழைத்து, ஆளுக்கு ஒரு முனை பிடித்து மெதுவாக எழுப்புவது முதுகுக்கும் நல்லது, எண்ணுக்கும் நல்லது. வெடுக்கென்று தூக்காதீர்கள். அந்த ஒரு கணத்தில் இழுவிசை பெட்டியின் எடையைவிட எவ்வளவோ கூடும். உள்ளே உலோகம் நிரந்தரமாக வளைந்தால் பிறகு அந்தத் தராசை நம்ப முடியாது.

கொக்கி மாடலா, பட்டை மாடலா என்று கேட்டால் பட்டைதான். கனத்த கைப்பிடிக்குள் கொக்கி நுழையாது, மெத்தென்ற கைப்பிடியில் ஒரு பக்கம் வழுக்கிப் பெட்டி கோணலாகத் தொங்கும். பட்டையில் கவனிக்க வேண்டியது பிளாஸ்டிக் பக்கிள். க்ளிக் சத்தம் கேட்காமல் தூக்கினால் பெட்டி கால்விரலில் விழும். முள் ஓடும் ஸ்பிரிங் தராசு பக்கம் போகவே வேண்டாம். பேட்டரி தேவையில்லைதான், ஆனால் கோடுகளுக்கு நடுவில் நிற்கும் முள்ளைச் சாய்ந்து பார்த்தால் ஓர் எடை, நேராகப் பார்த்தால் ஓர் எடை.

யூனிட் பொத்தான் ஒரு தனி வம்பு. பையில் கிடக்கும்போது தானாக அழுந்தி பவுண்டுக்கு மாறிவிடும். 23 கிலோ பெட்டி 50.7 என்று காட்டும்போது வயிற்றைக் கலக்கும். சில தராசுகளில் ஜின் என்ற சீன அளவும் உண்டு. ஒரு ஜின் 500 கிராம், அதனால் அதே பெட்டி 46 ஆகும். எண்ணைப் பார்க்கும் முன் அதன் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள்.

வாங்கியதும் ஒரு சோதனை. 5 லிட்டர் தண்ணீர் கேன்கள் நான்கை ஒரு பையில் போட்டுத் தூக்குங்கள். தண்ணீர் மட்டும் 20 கிலோவுக்குச் சற்றே குறைவு. காலி கேன்களையும் பையையும் தனியாக நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை, ஏனென்றால் பிழை கனத்தில்தான் வெளிப்படும். 300 கிராம் கூட்டிக் காட்டினால் தூக்கிப் போட வேண்டியதில்லை. தராசின் முதுகில் டேப் ஒட்டி எழுதி வைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் தவறினால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032 நாணய செல். ஊரில் கடை தேடாமல் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

இனி எடைக் கணக்கு. டிக்கெட்டில் 2பிசி, அதாவது இரண்டு பெட்டி, என்று இருந்தால் பெட்டிக்குப் பெட்டி வரம்பு. பெட்டிக்கு 23 கிலோ வரம்பு இருக்கும்போது ஒன்று 25, இன்னொன்று 20 என்றால் மொத்தம் 45தானே என்று வாதாட முடியாது. 30கே, அதாவது 30 கிலோ, என்று இருந்தால் மொத்த எடைதான் கணக்கு. அப்போதும் ஒரே பெட்டியை 32 கிலோவுக்கு மேல் போக விடமாட்டார்கள். தூக்குகிற ஊழியர்களின் முதுகு கருதி வந்த வரம்பு அது. வரம்பு 23 என்றால் வீட்டில் 22.5இல் நிறுத்துங்கள். பூட்டு, பெல்ட், மேலே சுற்றும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் போட்ட பிறகே நிறுக்க வேண்டும். காலிப் பெட்டியின் எடையை உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைப்பதும் உதவும். பெரிய கெட்டிப் பெட்டி தானே 4, 5 கிலோவைத் தின்றுவிடும். எடை மீறினால் முதலில் வெளியே எடுக்க வேண்டியது புத்தகமும் காகிதமும். ஒரு ஏ4 தாள் 5 கிராம்தான், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. துணியை எடுத்தால் இடம் காலியாகும், எடை அவ்வளவாகக் குறையாது.

இரண்டு வீட்டிலும் ஆள் ஏறி நிற்கும் எடை மெஷின் இருந்தால் இந்தத் தராசு தேவையே இல்லை. பெட்டியோடு ஒரு முறை, பெட்டியில்லாமல் ஒரு முறை ஏறிக் கழித்தால் வேலை முடிந்தது. கம்பளத்தில் வைக்காமல் கெட்டித் தரையில் வைத்தால் சரி. பெரிய பெட்டி திரையை மறைக்கும் என்பதால் எண்ணைப் படிக்க இன்னொருவர் வேண்டும்.

பட்டை மாடலுக்கு ஐந்துக்கு நான்கு, கொக்கிக்கு இரண்டரை. எதை வாங்கினாலும் கேபின் பையின் வெளிப்பையில் வையுங்கள். பலர் அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு, ஜிப்பை இழுத்து மூடிப் பூட்டிய பிறகு தேடுகிறார்கள்.