மக்காச்சோளப் படைப்புழு: நாள் பார்த்து அடிப்பதா, புழு பார்த்து அடிப்பதா?

பெரம்பலூர் பக்கம் கரிசலில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம். 2018 மே மாதம், மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தின் ஷிவமொக்காவில் தென்பட்டதாகச் சொன்னார்கள். அந்த வருடப் புரட்டாசிப் பட்டத்திலேயே அது எங்கள் காட்டில் இருந்தது. இதன் தாய்ப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஊரில் இரண்டு வழக்கம் நிலைத்துவிட்டது. விதைத்த நாளை எண்ணி 15, 30, 45 என்று மருந்து அடிப்பவர்கள் ஒரு பக்கம். காட்டில் இறங்கிச் செடியை எண்ணிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் அடிப்பவர்கள் இன்னொரு பக்கம். முதல் மூன்று வருடம் நான் நாள் பார்த்துத்தான் அடித்தேன். இப்போது புழு பார்த்து அடிக்கிறேன். அதனால் என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை.

இரண்டு பேருக்கும் பொதுவானதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கோடை உழவு போட்டால் மண்ணில் கிடக்கும் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் பறவை வாயிலும் போகும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு. வரப்போரம் தட்டைப்பயறு. சயன்ட்ரனிலிப்ரோலும் தயாமீதாக்சமும் கலந்த மருந்தில் விதை நேர்த்தி செய்தால் முதல் இரண்டு மூன்று வாரம் பயிருக்குக் காவல். இதில் யாருக்கும் சண்டை இல்லை.

நாள் கணக்கின் வசதி என்ன? ஆளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம், மருந்தையும் மொத்தமாக வாங்கிவைக்கலாம். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு விவசாயம் செய்பவருக்கு இது பெரிய விஷயம்தான்.

ஆனால் அந்தக் கணக்கு பயிரின் வயதைச் சொல்கிறதே தவிர, புழுவின் வயதைச் சொல்வதில்லை. என் முடிவை மாற்றியது இந்த ஒன்றுதான். தாய்ப்பூச்சி ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டை இட்டு, மேலே பஞ்சு மாதிரி ரோமத்தால் மூடி வைக்கிறது. இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். குஞ்சுப் புழு இலையின் பச்சையை மட்டும் சுரண்டும். இலையைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தால் சுரண்டிய இடம் கண்ணாடி போலத் தெரியும். இந்த வயதில் அது தின்பது மிகக் கொஞ்சம். வாழ்நாளில் தின்னும் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. அந்தப் பருவத்துக்கு வருவதற்குள் குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற எச்சத்தால் தலைக்கு மேல் அடைத்துக்கொள்கிறது. அதன் பிறகு எந்த மருந்தை ஊற்றினாலும் எச்சத்தில் ஊறி நிற்கும், புழுவுக்குப் போய்ச் சேராது.

மூன்றாம் வருடம் இதைக் கண்ணால் பார்த்தேன். முப்பதாம் நாள் மருந்து அடித்து மூன்று நாள் கழித்து ஒரு குருத்தைப் பிரித்தேன். ஈர எச்சத்துக்கு அடியில் விரல் நீளப் புழு நெளிந்தது. நெற்றியில் தலைகீழான ஒய், வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. மருந்தில் தவறில்லை, அடித்த நேரம்தான் தவறு. மானாவாரியில் பாதி விதை முதல் மழைக்கும், மீதி அடுத்த மழைக்கும் முளைத்திருக்கும். ஒரே காட்டில் இரண்டு வயதுப் பயிர் நிற்கும்போது முப்பதாம் நாள் என்பது எந்தச் செடிக்கு?

இப்போது செய்வது இதுதான். முளைத்த முதல் வாரத்திலிருந்து வாரம் இரண்டு தடவை, காலை வெயில் ஏறுமுன் காட்டுக்குள் கோணல்மாணலாக நடக்கிறேன். ஐந்து இடத்தில் நின்று, இடத்துக்கு 20 செடி பார்த்தால் நூறு செடி ஆகிவிடும். இளம் பயிரில் நூற்றுக்கு ஐந்து செடியில் சுரண்டல் தெரிந்தால் 1500 பிபிஎம் அசாடிராக்டின் என்ற வேப்ப மருந்து, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. பயிர் வளர்ந்த பிறகு பத்தைத் தாண்டினால்தான் ரசாயனம்: எமாமெக்டின் பென்சோயேட் லிட்டருக்கு 0.4 கிராம், அல்லது குளோரான்ட்ரனிலிப்ரோல் 0.4 மில்லி. ஒரு தடவை அடித்த வகையை அடுத்த தடவை தொடுவதில்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இந்தப் புழு பழகிக்கொள்ளும். எதை அடித்தாலும் தெளிப்பான் முனை குருத்துக்கு நேராகக் குனிய வேண்டும். ஆள் வேகமாக நடந்து இலை மேல் பனி மாதிரித் தூவிவிட்டுப் போனால், நாள் பார்த்து அடித்தாலும் புழு பார்த்து அடித்தாலும் ஒன்றுதான்.

பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் ஏக்கருக்கு ஐந்து வைத்திருக்கிறேன். அதில் ஆண் பூச்சி மட்டும்தான் விழும். பூச்சி வந்துவிட்டது என்று காட்டும், அவ்வளவுதான். அதை நம்பி நடையை விட்டுவிடக் கூடாது.

இன்னொரு லாபமும் உண்டு. ஐப்பசி அடைமழையில் இலை மேல் ஒட்டியபடி விறைத்து, வெள்ளைப் பூசணம் பூத்துச் செத்த புழுக்களைப் பார்த்தேன். சில நாளில் அந்த வெள்ளை பச்சைப் பொடியாக மாறியது. மெட்டாரைசியம் ரைலி என்ற பூஞ்சாணம் தானாக வந்து செய்யும் வேலை அது. நாள் கணக்கில் அடித்த காலத்தில் நான் இதைக் கவனித்ததே இல்லை. பூஞ்சாணத்தைப் பார்த்த அந்த வருடம் புழு எண்ணிக்கை தானாக இறங்க, 45-ம் நாள் வாக்கில் அடிக்கும் தேவையே வரவில்லை. கடையில் விற்கும் மெட்டாரைசியம் பொடியை ஒரே பருவம்தான் போட்டேன், அதுவும் மழையோடு சேர்ந்து. அதனால் அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். ட்ரோனில் அடித்துப் பார்த்ததில்லை.

புழு பார்க்கும் வழியிலும் சங்கடம் இருக்கிறது. பயிர் ஆள் உயரம் தாண்டினால் உள்ளே நடப்பது சிரமம், இலை கையை அறுக்கும். என் சித்தப்பா மகன் பன்னிரண்டு ஏக்கர் குத்தகைக்கு ஓட்டுகிறான், ஆள் திருப்பூரில். அவனிடம் வாரம் இரண்டு தடவை நட என்று எப்படிச் சொல்வது? முதல் அடிப்பை மட்டும் 18-ம் நாள் என்று வைத்துக்கொள், அடுத்ததை நான் நூறு செடி எண்ணிச் சொன்ன பிறகு அடி என்றேன். ஆண்பூ வெளியே வந்துவிட்டால் அப்புறம் மருந்துக்குக் காசு போடாதே என்றும் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் அடிப்பது கட்டுப்படியாகாது, கண்ணில் படும் புழுவைக் கையால் பொறுக்குவதுதான்.