மூக்குக்கு வழிவிடும் குவளை: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பக்கவாதத்திற்குப் பிறகு என் தந்தை கெட்டியான உணவைப் பொறுமையாக மென்று விழுங்கிவிடுவார். ஒரு வாய் தண்ணீர் குடித்தால்தான் புரையேறிக் கண் கலங்கிப் போவார். நீர் மிக வேகமாகத் தொண்டைக்குள் இறங்குவதால், மூச்சுக்குழல் மூடிக்கொள்வதற்கு முன்பே அதில் சிறிது வழிந்துவிடுகிறது என்று விளக்கிய விழுங்குதல் சிகிச்சையாளர், அவரைப் பரிசோதித்துவிட்டு, மோவாயைச் சற்றுத் தாழ்த்தியபடி குடிக்கப் பழக்கச் சொன்னார். சாதாரணத் தம்ளரில் இது பாதிவரைதான் நடக்கும். நீர் குறையக் குறைய விளிம்பு மூக்கில் இடிக்கும், உடனே தலை பின்னால் சாயும், இருமல் தொடங்கும்.

இந்தக் குவளையில், விளிம்பின் ஒரு பக்கம் அரைவட்டமாக வெட்டப்பட்டிருக்கிறது. அந்த வெட்டுக்குள் மூக்கு அடங்கிவிடுவதால், கடைசி மடக்கு வரை கழுத்தை நிமிர்த்தாமலே குடிக்க முடிகிறது. குவளை ஒளி ஊடுருவும் நெகிழியால் ஆனது என்பதால், நீர் உதட்டை எட்டிவிட்டதா என்று எதிரில் அமர்ந்திருப்பவருக்குத் தெரிகிறது. ஊட்டிவிடுபவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது, உள்ளே நீர் எங்கே நிற்கிறது என்று தெரியாத தம்ளரைக் குத்துமதிப்பாகச் சாய்த்துச் சட்டையை நனைத்தவர்களுக்குப் புரியும்.

நனைத்தவர்களில் நானும் ஒருவன். முதல் நாள் வெட்டிய பக்கத்தையே வாயில் வைத்துச் சாய்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் நீர் வழிந்து மடியில் கொட்டியது. அப்பா ஒன்றும் சொல்லாமல், நன்றாக இயங்கும் இடக்கையால் குவளையை வாங்கி, திருப்பிப் பிடித்து, தானே குடித்துக் காட்டினார். உதடு படவேண்டியது வெட்டுக்கு எதிர்ப்பக்கம். உடன் வந்த துண்டுத்தாளில் இதைக் காட்ட ஒரு சிறு படம்கூட இல்லை என்பதை மன்னிக்க முடியவில்லை.

இதற்கு முன் மூடியில் குழாய்போல் மூக்கு வைத்த கோப்பை ஒன்றை வைத்திருந்தோம். சிந்தாது என்பது உண்மைதான். ஆனால் அதில் குடிக்கத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது, நீரும் நேராக நாக்கின் பின்பகுதியில் போய் விழுந்தது. எங்களுக்கு வேண்டியதற்கு நேர் எதிரான வேலையை அது செய்துகொண்டிருந்தது.

குறைகளும் உண்டு. கைப்பிடி கிடையாது. சுவர் மெல்லியது என்பதால் விளிம்பை உதட்டின் வடிவத்துக்கு அழுத்திக்கொள்ளலாம். அதே காரணத்தால், கை நடுங்குபவர் இறுக்கிப் பிடித்தால் குவளை நசுங்கி நீர் மேலே எழும்புகிறது. சூடான பானம் ஊற்றினால் கையில் பிடிக்க முடியவில்லை. அளவுக்கோடுகள் மூன்றாம் மாதத்திலேயே அழிந்துவிட்டன. ஒரு நாளில் எவ்வளவு நீர் உள்ளே போனது என்று குறித்து வைக்கும் வீட்டில் இது சிறிய குறை அல்ல. வெளிப்புறத்தில் 100 மி.லி. மட்டத்தில் நகப்பூச்சால் நானே ஒரு கோடு இட்டிருக்கிறேன்.

தொண்டையில் மெதுவாக இறங்குவதற்காகக் கெட்டியாக்கும் தூள் கலந்த நீருக்கும் இதையே பயன்படுத்துகிறோம். பதம் சரியா என்று பார்க்க, ஊசி மாட்டாத சிரிஞ்சில் 10 மி.லி. எடுத்து, முனையைத் திறந்து 10 நொடி ஒழுகவிடுவோம். 4 முதல் 8 மி.லி. மிஞ்சினால், அது அப்பாவுக்குச் சொல்லப்பட்ட இரண்டாம் நிலைக் கெட்டிப்பதம், அதாவது லேசான கெட்டி. அந்தப் பதத்தில் அடியில் ஒட்டிக்கொள்வது மட்டும் எப்போதும் மிஞ்சிவிடுகிறது, கரண்டியால்தான் எடுக்கிறேன்.

மோவாயைத் தாழ்த்துவது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. சிலருக்கு இருமல் வராமலே நீர் நுரையீரலுக்குள் போகும் என்பதால், சிகிச்சையாளர் பார்க்காமல் இதை வாங்கிக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கை நடுக்கமே முதன்மைச் சிக்கலாக இருப்பவர்கள் இதே வெட்டுடன் இருபுறமும் கைப்பிடி வைத்த, கெட்டியான சுவர் கொண்ட குவளையைத் தேடுவது நல்லது. எங்கள் வீட்டுக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. இரண்டாவதாக ஒன்றும் வாங்கிவிட்டோம், கோடு போட நகப்பூச்சும் மீதமிருக்கிறது.