‘காயமே வராது’ என்ற வாக்கை நம்பி ஒன்றரை மாதச் சம்பளத்தை இழந்தேன்: ஓட்டப் பயிற்சியில் சேருவோர் கவனத்திற்கு

என் வலது கால் முழங்கால் வரை கட்டப்பட்ட கனத்த காலணிக்குள் இருக்கிறது, ஊன்றுகோல்கள் இரண்டும் மேசையோரம் சாய்ந்து நிற்கின்றன, கட்டணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற இறுதிப் பதில் வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆகவே சொற்களில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை ஏமாற்றியது கைப்பேசிச் செயலி வழியாக ஓட்டப் பயிற்சி தரும் ஒரு நிறுவனம். பெயரைச் சொல்லப்போவதில்லை, இந்த வகையில் பல இருக்கின்றன, விளம்பரங்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. முதல் முழு மாரத்தானுக்கு, அதாவது 42.195 கிலோமீட்டருக்கு, 16 வாரங்களில் காயமின்றித் தயார்செய்வதாகவும், என் உடலுக்கென்றே தனி அட்டவணை வகுத்துத் தருவதாகவும் சொன்னார்கள். ஒரே தவணையில் கட்டினால் சலுகை என்றதால் என் ஒன்றரை மாதச் சம்பளத்தை ஒரே இரவில் செலுத்தினேன்.

நான் அவ்வளவு எளிதில் நம்புகிறவன் அல்லன். பணம் கட்டுவதற்கு முன் நடந்த காணொளி அழைப்புதான் என்னைச் சாய்த்தது. பயிற்சியாளர் என்று அறிமுகமானவர் என் பழைய காயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வலது கணுக்கால் சுளுக்கியதைச் சொன்னதும், கைப்பேசியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கண்களை மூடி அந்த ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பத்து எண்ணுவதற்குள் தடுமாறினேன். “இதைத்தான் பார்க்க நினைத்தேன், இனி உங்கள் கால் என் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு எதையோ தட்டச்சு செய்தார். என் உடலைப் பற்றி ஒருவர் அக்கறையோடு குறித்துக்கொள்கிறார் என்று எண்ணவைத்த அந்தத் தட்டச்சு ஓசையில்தான் நான் விழுந்தேன்.

அவர் என்ன குறித்தார் என்பது பின்னர் தெரிந்தது. அட்டவணையின் ஐந்தாம் வாரக் குறிப்பில், “உங்கள் இடது முழங்கால் அறுவை சிகிச்சையைக் கருத்தில் கொண்டு” என்று இருந்தது. எனக்கு எந்தக் காலிலும் அறுவை சிகிச்சை நடந்ததில்லை. யாருக்கோ எழுதியதை எனக்கு ஒட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதே புரிந்திருக்க வேண்டும். தட்டச்சுப் பிழை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதுவரை வாரத்துக்கு 18 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் நான். முதல் வாரம் 20, இரண்டாம் வாரம் 24, மூன்றாம் வாரம் திடீரென்று 38. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று ஓடுகிறவர்களிடையே வழங்கும் கணக்கு ஒரு பொதுவான வழிகாட்டிதான், சட்டமன்று. ஆனாலும் 24-லிருந்து 38-க்குத் தாவுவதை எந்தக் கணக்கும் ஏற்காது. மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்பு அப்படியன்று. புதிய சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும்போது முதலில் பழைய பகுதி கரைகிறது, புதியது அதன்பின் மெதுவாகவே படிகிறது. அந்த இடைவெளியில் சுமையைக் கூட்டிக்கொண்டே போனால் நுண்ணிய விரிசல்கள் சேர்ந்து முறிவாகும். இதை எனக்குச் சொன்னவர் மருத்துவர். ஒன்றரை மாதச் சம்பளம் வாங்கியவர் சொல்லவில்லை.

நான்காம் வாரம் வலது முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் உட்புறத்தில் வலி தொடங்கியது. எழுதிக் கேட்டேன். “புதிதாகத் தூரம் கூட்டுவோருக்கு இது இயல்பு” என்று பதில் வந்தது. ஓட ஓட வலி குறையாமல் ஏறுகிறது, ஒரே இடத்தில் விரல் நுனியால் அழுத்தினால் உயிர் போகிறது என்று மறுபடியும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து, ஐஸ் வைத்துக்கொண்டு தொடருங்கள் என்றார்கள். இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றதற்கு, ஓடுவதற்கு அரை மணி நேரம் முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாம், முதலில் தோற்பது மனம்தான் என்று பதில் வந்தது. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் ஆறாம் வாரத்தின் நீண்ட ஓட்டத்தை ஓடினேன் என்பதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. மாத்திரை வலியை மறைத்ததே தவிர விரிசலை நிறுத்தவில்லை.

எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. அழுத்த முறிவு, அதாவது ஓயாத சுமையால் எலும்பில் விழும் விரிசல், தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்று சொல்லி மருத்துவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். அதில் தெளிவாகத் தெரிந்தது. குறைந்தது எட்டு வாரம் ஓடக் கூடாது, முதல் சில வாரங்கள் அந்தக் காலில் பாரம் வைக்கவே கூடாது என்றிருக்கிறார்.

பணத்தைக் கேட்டபோது முதலில் பதில் சொன்னது இயந்திரம். பிறகு வந்த மனிதர், அந்தப் பயிற்சியாளர் இப்போது எங்களிடம் இல்லை என்றார். மூன்றாமவர், உடல்நலப் பொறுப்பு பயனாளருடையதே என்ற விதியை நான் ஏற்றுக் கட்டத்தில் குறியிட்டிருப்பதை நினைவூட்டினார். கடைசியில், திட்டத்தை எட்டு வாரம் நிறுத்திவைக்கிறோம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்றார்கள். ஒன்றரை மாதச் சம்பளத்தை விழுங்கியவர்கள் காயத்துக்கும் கட்டணம் கேட்கிறார்கள்!

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இப்போது பொறுமை இல்லை. முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். தூரம் எந்தக் கணக்கில் கூடுகிறது, ஓய்வு வாரம் எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரே புள்ளியில் குத்தும் வலி, ஓட ஓட ஏறும் வலி, ஓய்விலும் விடாத வலி ஆகிய மூன்றில் எது வந்தாலும் யார் சொன்னாலும் ஓடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். செயலியில் நடக்கும் உரையாடலை அன்றன்றே படமெடுத்து வையுங்கள். நான் வைக்கவில்லை, புகார் கொடுத்த மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் எனக்குத் திறப்பதில்லை.