எர்ணாகுளத்தில் வாங்கிய மழை ஜாக்கெட்டும் மூணாறு தையல்காரரும்

இந்த முறை கிளாஸ்கோவிலிருந்து சொந்த ஊரான மூணாறுக்குப் போனதில் விமானம், டாக்சி, நேரியமங்கலம் வழியாக மலையேறிய பஸ் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஒரு மழை ஜாக்கெட்டைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

தம்பி மகள் எர்ணாகுளத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சாரல் கொஞ்சம் ஓய்ந்ததும் சினேகிதிகளோடு மீசப்புலிமலை ஏறப்போவதாகச் சொன்னாள். 2640 மீட்டர், ஆனைமுடியை விட 55 மீட்டர்தான் குறைவு. கீழே மழை ஓய்ந்தாலும் அந்த உயரத்தில் ஓயாது என்பது மூணாறில் பிறந்தவர்களுக்குத் தெரியும். "பெரியப்பா, நீங்க ஸ்காட்லாந்துல தினமும் போடுறதுதானே, நல்லதாப் பார்த்து வாங்கிக் குடுங்க" என்றாள். கிளாஸ்கோவிலிருந்தே வாங்கி வந்திருக்கலாம்தான். ஆனால் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்து எடுக்க வேண்டிய உடுப்பு அது. ஆளை வைத்துக்கொண்டுதான் எடுக்க முடியும். அதனால் கொச்சியில் இறங்கியதும் இருவரும் ஒரு பெரிய கடைக்குப் போனோம்.

கடை ஏசி போட்டுப் பளபளவென்று இருந்தது. விற்பனைக்கு நின்ற பையன் நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழிலேயே பேசினான், அது சந்தோஷம். ஒரு நீல ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினான். அட்டையில் 10,000 மில்லிமீட்டர் என்று அச்சடித்திருந்தது. "பத்தாயிரம் மில்லிமீட்டர் மழை தாங்கும் சேட்டா, மூணாறுல ஒரு வருஷம் பெய்ஞ்சாக்கூட அவ்வளவு வராது" என்றான்.

அந்த எண்ணுக்கும் பெய்கிற மழைக்கும் சம்பந்தமே இல்லை. துணியை இறுக்கிப் பிடித்து அதன்மேல் தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மறுபக்கத்தில் மூன்று இடத்தில் துளி எட்டிப் பார்க்கும் நேரத்தில் தண்ணீர்த் தூண் எவ்வளவு உயரமோ அதுதான் அந்த எண். 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். வெறும் மழைக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனால் முதுகுப்பையின் பட்டை தோளில் அழுத்தும் இடத்திலும், ஈரப் பாறையில் உட்காரும்போதும் அழுத்தம் கூடும், அங்கேதான் மட்டமான துணி தோற்கும். இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ப்ரீத்தபிளும்தான் சேட்டா, காத்து உள்ளே வந்துட்டே இருக்கும்" என்றான். காற்று உள்ளே வந்தால் அந்த ஜாக்கெட்டை மலைக்குக் கொண்டுபோகவே கூடாது. உள்ளே வரக்கூடாதது காற்றும் தண்ணீரும். வெளியே போக வேண்டியது நம் வியர்வையின் ஆவி. 1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த படலமாக்கினார். துளி நுழைய முடியாத அளவுக்குச் சின்னத் துளை, ஆவி நுழையப் போதுமான துளை. கோர்டெக்ஸ் என்ற மழைத்துணி அதிலிருந்து வந்ததுதான். பிறகு வந்த மற்ற கம்பெனிகளின் படலங்களும் வேறு வேறு வழியில் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் கடையில் இந்த ஒரு விஷயத்தையாவது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாமா? கிளாஸ்கோவில் இப்படிக் கடைகளில் நிற்பவர்கள் பாதிப் பேர் சனி ஞாயிறு மலையேறுகிறவர்கள். நாம் கேட்பதற்கு முன்னால் அவர்களே ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பித் தையலைக் காட்டுவார்கள்.

சரி, நானே திருப்பிப் பார்த்தேன். ஊசி ஓட்டையில் தண்ணீர் புகாதபடி தையல் ஓடிய இடமெல்லாம் டேப் ஒட்டியிருந்தது, தொப்பியில், தோளில், அக்குளில், எல்லா இடத்திலும். ஜிப்புக்கு மேலே மடிப்பு இருந்தது. தொப்பியின் முன்விளிம்பு விறைப்பாக நின்றது. அவளுக்கு அளவும் பொருந்தியது. விலை 6,500 ரூபாய். எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

அப்போதுதான் அந்தப் பழைய வழக்கம். "இது டிஸ்ப்ளே பீஸ் சேட்டா, புது பீஸ் கட்டித் தர்றேன்." நம் ஊரில் குக்கர் வாங்கினாலும் சேலை வாங்கினாலும் கேட்கிற வார்த்தை. மேலே குடோனிலிருந்து ஒட்டிய கவரில் ஒன்று வந்தது, பில் போட்டார்கள், மூணாறுக்குப் பஸ் ஏறினோம்.

தம்பி வீட்டில் வைத்துக் கவரைப் பிரித்தபோது ஒரு புளித்த வாடை வந்தது. திருப்பிப் பார்த்தால் தோள்தையலில் டேப் பாதி எழும்பி நிற்கிறது. உள்பூச்சைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கிறது. கையால் தடவினால் பழைய சுண்ணாம்புச் சுவர் போல உதிர்கிறது. ஒரு மழைகூடப் பார்க்காத ஜாக்கெட் அது. இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. உள்ளே பூசியிருப்பது பாலியூரித்தேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நாளாக நாளாக அது தானாகவே சிதையும். கொச்சிப் பக்கத்துக் குடோனில், காற்று போகாத பிளாஸ்டிக் கவருக்குள், எத்தனை மழைக்காலம் அடைந்து கிடந்ததோ தெரியவில்லை. வெளியே தொங்கிய டிஸ்ப்ளே பீஸ்தான் உண்மையில் புதுசு.

கடைக்குப் போன் போட்டோம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, பில்லுக்குப் பின்னால பாருங்க" என்றார் மேனேஜர். பார்த்தோம், எறும்பெழுத்தில் இருந்தது. போட்டோ அனுப்புகிறேன் என்றாள் பிள்ளை. "நீங்க மழையில போட்டுட்டு வந்து சொல்றீங்க" என்று அவர் சொன்னபோது அவள் முகம் சுருங்கிப் போனது. பணத்தை விட அந்தப் பேச்சுதான் எனக்கு ஆறவில்லை. கிளாஸ்கோவில் இப்படி ஒரு பொருளைக் கொண்டுபோனால் கவுண்டரில் இருப்பவர் பில்லைப் பார்ப்பார், "மன்னிக்கணும்" என்பார், காசு கார்டுக்குத் திரும்பிவிடும். யாரும் நம்மைப் பொய்யர் போலப் பார்ப்பதில்லை.

மறுநாள் காலையில் தம்பி, "எதுக்கும் பஜார்ல காட்டிப் பார்ப்போம்" என்றான். மூணாறு பஜாரில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு தையல் மிஷின். ஜீப்புக்கு மேல்கூரை, லாரிக்குத் தார்ப்பாய், கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு, இவைதான் அங்கே தைக்கிற சரக்கு. மிஷினில் இருந்தவருக்குத் திருநெல்வேலிப் பேச்சு இன்னும் மாறவில்லை. ஜாக்கெட்டை வாங்கினார். வெளிப்பக்கம் பார்க்கவே இல்லை, நேராக உள்பக்கம் திருப்பினார். கட்டைவிரல் நகத்தால் டேப்பின் ஓரத்தைச் சுரண்டினார். வந்த தூளை விரலில் உருட்டி மோந்து பார்த்தார்.

"டேப் விட்டுதுன்னா ஒட்டித் தரலாம் அண்ணாச்சி. இது பூச்சே செத்துப் போச்சு. இதுல நான் ஊசி வச்சேன்னா, ஊசி போன ஓட்டையெல்லாம் ஒழுகும். தோள்ல ஊசி போடவே கூடாது. கடையில திருப்பிக் குடுத்துடுங்க."

பார்த்ததற்கு எவ்வளவு என்று கேட்டேன். கையை ஆட்டினார். பிறகு நான் போட்டிருந்த என் பழைய ஜாக்கெட்டின் ஜிப்பைக் கவனித்துவிட்டார். ரன்னர் தேய்ந்து, பாதியில் பிளந்துகொண்டு இருந்தது. கழற்றச் சொன்னார். ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பலவிதமான ரன்னர்களைக் கொட்டிக் கிளறி, மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பல்லில் ஏற்றிப் பார்த்தார். நான்காவது வழுக்கிக்கொண்டு ஏறியது. குறடால் மேல்முனையை ஒரு கடி, மெழுகுவர்த்தித் துண்டால் ஒரு தேய்ப்பு. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. 40 ரூபாய். இதே ஜிப்புக்கு கிளாஸ்கோவில் விசாரித்திருந்தேன். கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். முழு ஜிப்பையும் மாற்றித்தான் தருவார்களாம், ரன்னர் மட்டும் மாற்றுவதில்லையாம். நல்ல ஜாக்கெட் வைத்திருப்பவர்கள் ஊருக்கு வரும்போது ஜிப் வேலையை மிச்சம் வைத்துக்கொண்டு வாருங்கள் என்று உண்மையாகவே சொல்கிறேன்.

அவர் மிஷினுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த படங்கைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. ஆடி மாதத்தில், தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் மஸ்டருக்குப் போகும்போது தலையில் கம்பளி, அதன்மேல் தலையையும் முதுகையும் மூடும்படி கொங்காணி மடித்த பிளாஸ்டிக் தாள், இடுப்பில் படங்கு. சாயங்காலம் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்து கம்பளியை அடுப்புக்கு மேலே காயப்போட்டால் வீடெல்லாம் ஈரக் கம்பளி வாசம். கொங்காணி முன்பக்கம் திறந்தே இருக்கும். நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்தெடுத்தாலும் உள்ளே புழுங்காது, ஆவி முன்னால் போய்விடும்.

நம் மலைக்கு ஜாக்கெட் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியதும் அதுதான். படலம் ஆவியை வெளியே தள்ளுவதற்கு உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்து மலையில் 5 டிகிரி என்றால், காற்று முழுக்க நனைந்திருந்தாலும் ஒரு கன மீட்டரில் 7 கிராம் ஈரம்தான் இருக்கும். ஜாக்கெட்டுக்குள் 30 டிகிரியில் அதே ஒரு கன மீட்டர் 30 கிராம் வரை தாங்கும். வித்தியாசம் பெரிது, படலம் நன்றாக வேலை செய்யும். மூணாறு சாரலில் 18 டிகிரி, மூடுபனி. வெளிக்காற்றிலேயே 15 கிராம் இருக்கிறது. தள்ளுவதற்கான வேகம் பெரிய அளவு குறைந்துவிடும். அதனால் குளிர்நாட்டில் மெச்சுகிற விலையுயர்ந்த படலம்கூட இங்கே ஏற்றத்தில் உள்ளே நனைத்துவிடும். அதை ஒழுகல் என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்களும் உண்டு. இங்கே ஆளைக் காப்பாற்றுவது திறப்புதான்: அக்குளில் முழங்கை வரை நீளும் ஜிப், முன்ஜிப்பை இரண்டு பக்கமிருந்தும் திறக்கும் வசதி, உடம்பை ஒட்டாத தொளதொள அளவு.

அப்புறம் வெளித்துணி. புதிதில் துளி முத்து முத்தாக உருண்டோடும். அந்தப் பூச்சு அழுக்கிலும் வியர்வையிலும் மங்கியதும் துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், ஆவி போகும் வழி அடைபடும். நம் வீடுகளில் சோப்புத்தூளில் ஊறவைத்து, வாசனைக்கு சாஃப்ட்னரும் ஊற்றி அலசுவார்கள். சாஃப்ட்னர் இந்தத் துணிக்கு விஷம். இதற்கென்று விற்கும் திரவத்தில் அலசி, அட்டையில் அனுமதித்திருந்தால் மிதமான சூட்டில் உலர்த்தினால் முத்து திரும்ப உருளும். கழுவிய பிறகு கவரில் கட்டிப் பீரோவில் போடக் கூடாது, ஹேங்கரில் காற்றோட்டமாகத் தொங்க வேண்டும். ஏன் என்று அந்தக் குடோன் சரக்கே சொல்லிவிட்டது.

திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று தையல்காரர் சொன்ன தைரியத்தில் 1915க்குப் போன் போடச் சொன்னேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். பில் அவள் பெயரில் இருந்ததால் அவளே பேசினாள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் காலம் எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பிரிட்டனில் 2015 சட்டத்திலும் குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்க அதே 30 நாள்தான். அங்கே அதைக் கடைக்காரரே சொல்வார். இங்கே புகார் எண் வாங்கிய பிறகுதான் மேனேஜரின் குரல் மாறியது. பிள்ளை படித்த பிள்ளை, பேசத் தெரிந்தவள், அதனால் நடந்தது. லயத்திலிருந்து போய் மகனுக்கு வாங்கிய ஒரு தகப்பன் அந்த எறும்பெழுத்தைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டுதானே திரும்பியிருப்பார்?

அதே கடையில் மாற்று சரக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் பணமாகத்தான் வேண்டும் என்று நின்று வாங்கிவிட்டாள். வேறு கடையில், படலம் சுமாரானது, ஆனால் அக்குளில் நீளமான ஜிப் வைத்தது, ஒரு அளவு பெரியதாக 4,200 ரூபாய்க்கு எடுத்தாள். கவரை அங்கேயே பிரித்து, நகத்தால் டேப்பைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தாளாம். மீதிப் பணத்தில், ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி காலில் ஏறாமல் இருக்க முழங்கால் வரை வரும் துணிச் சாக்ஸ் தனக்கும் சினேகிதிகளுக்கும் வாங்கியிருக்கிறாள்.