மே மாத மத்தியானம்: விளையாட வந்த பிள்ளைகளுக்கு எதைப் போடுவது?

மே மாதத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் ஆற்றில் தண்ணீர் இருக்காது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பதே ஜூன் 12-இல். அது கல்லணைக்கு வந்து, பிரிந்து, எங்கள் குடமுருட்டியை எட்ட இன்னும் சில நாள் ஆகும். அதுவரை ஆறு முழுக்க மணல், மணல் முழுக்க கிரிக்கெட். மணி ஒன்றாகும்போது சென்னையிலிருந்து வந்த அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரும் முட்டி வரை மணலோடு எங்கள் திண்ணையில் வந்து விழுவார்கள். ஏழு பேருக்கும் பசி. விருந்தும் இல்லை, விசேஷமும் இல்லை, சாதாரண மத்தியானம்தான். ஆனாலும் வந்த பிள்ளைக்கு எதைப் போட்டால் சரியாக இருக்கும் என்பதில் எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது.

நான் இரண்டே விஷயம் பார்ப்பேன். அந்தப் பிள்ளை கூச்சப்படாமல் இரண்டாம் தரம் வாங்க வேண்டும். நாளைக்கு என் பிள்ளை அவர்கள் வீட்டில் உட்கார்ந்தால், அவர்களும் சிரமப்படாமல் அதே போலப் போட முடிய வேண்டும்.

இதனாலேயே கடையில் வாங்கும் பரோட்டாவும் பிரியாணியும் எனக்குச் சரிப்படுவதில்லை. பிள்ளைகளுக்கு ஆசைதான், நமக்கும் அடுப்படி வேலை மிச்சம். ஆனால் ஏழு பொட்டலம் வாங்கிய வீட்டுக்கு அடுத்த வாரம் பதில் செய்ய வேண்டுமே என்று பக்கத்து வீட்டில் யோசிப்பார்கள். மொய் மாதிரி ஆகிவிடும். பதில் செய்ய முடியாத வீட்டுப் பிள்ளை மெல்ல வருவதையே நிறுத்திவிடும். அப்படி நின்ற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

பாக்கெட் நூடுல்ஸில் அந்தச் சிக்கல் இல்லை. இரண்டு நிமிடம் என்று சொல்லி பத்து நிமிடத்தில் ஆகிவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு அது சரி. மத்தியானத்துக்குச் சரியில்லை. மைதாவும் உப்பும்தான் அதில் அதிகம், மூன்று மணிக்கெல்லாம் மறுபடி பசிக்கும். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, “அத்தை வீட்டுல சோறு தின்னியா?” என்பதுதான். எங்கள் பக்கம் சோறு என்றால்தான் அது சாப்பாடு.

தோசைக்கு நான் எதிரி இல்லை. மாவு எல்லார் வீட்டிலும் இருக்கும், தோசை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையும் கிடையாது. கணக்குத்தான் உதைக்கிறது. ஆளுக்கு மூன்று என்றால் இருபத்தொன்று. ஒரு கல்லில் ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. முதல் பிள்ளை தின்று முடித்து எழுந்திருக்கும்போது ஏழாவது பிள்ளை காலித் தட்டோடு உட்கார்ந்திருக்கும். சொந்தப் பிள்ளை “எனக்கு இன்னொண்ணு” என்று கத்தும், வந்த பிள்ளை வாயைத் திறக்காது. இரண்டு பேர் வந்தால் தோசை, ஏழு பேர் வந்தால் வேண்டாம்.

சாம்பார், ரசம், பொரியல், அப்பளம் என்று முழுச் சாப்பாடு போடும் வீடும் இருக்கிறது. மரியாதையான காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை சாம்பார் சாதத்தோடு எழுந்துவிடும், ரசம் தட்டில் ஓடும், மோருக்கு ஆளிருக்காது. அதைவிட, விருந்துக்கு வந்த மாதிரி பிள்ளை விறைத்து உட்கார்ந்துவிடும். “அங்க போயி தொந்தரவு பண்ணாத” என்று மறுநாள் அவன் அம்மா தடுத்துவிடுவாள்.

ஆகவே கடைசியில் போட்டி கலந்த சாதங்களுக்குள்தான். எலுமிச்சை, புளி, தயிர், சாம்பார் சாதம். எல்லா வீட்டிலும் முடியும், எந்த வீட்டுக்கும் பாரமில்லை. இங்கே முடிவு செய்வது சாதம் இல்லை, தொட்டுக்கொள்ள என்ன என்பதுதான். தயிர் சாதமும் ஊறுகாயும் போட்டு அனுப்பினால் “வெறும் தயிர் சாதமா?” என்று ஒரு வார்த்தை வரும். அதே தயிர் சாதத்தோடு உருளைக்கிழங்கு வறுவல் வைத்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கால் கிலோ கிழங்கு இருந்தாலும் போதும், சின்னதாக நறுக்கி மொறுமொறுப்பாக வறுத்தால் ஏழு பேருக்கும் வரும். வெயில் காலத்தில் தயிர் சாதத்தைக் காலையிலேயே கலப்பதாக இருந்தால் பால் நிறைய, தயிர் ஒரு கரண்டி. இல்லாவிட்டால் ஒரு மணிக்குள் புளித்துவிடும். எலுமிச்சை சாதத்திலும் புளி சாதத்திலும் போடும் வேர்க்கடலை, ஐந்து வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்தாலும் பொடித்துத்தான் போட வேண்டும். முழுக்கடலை மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

சாம்பார் சாதத்தைத் தட்டில் போடுவதற்கும் கையில் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தது ஒரு பையனால். எட்டு வயது. அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விடுவாள். தட்டு வைத்தால் “சாப்பிட்டாச்சு அத்தை” என்பான். ஒரு கரண்டி போட்டதும் தட்டின் மேல் கையை விரித்து மறைப்பான். வீட்டில் சொல்லிக் கொடுத்த பழக்கம் அது, நல்ல பழக்கம்தான். ஆனால் வயிறு ஒட்டியிருந்தது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் நடக்கும்போது அவனுக்கு மத்தியானம் சத்துணவு. 1956-இல் காமராஜர் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த அந்தச் சாப்பாடு, முட்டையோடு, அவனுக்கு நாள் தவறாமல் கிடைக்கும். கோடை விடுமுறையில் பள்ளியோடு அதுவும் மூடிவிடும். நாம் சாதாரணமாக நினைத்துப் போடும் மத்தியானச் சோறு சில பிள்ளைகளுக்கு அந்த நாளின் பெரிய சாப்பாடு.

ஒருநாள் தட்டே வைக்கவில்லை. அரைப்படி அரிசியைக் குழைய வடித்து, பருப்பும் சாம்பாரும் நெய்யும் விட்டுப் பெரிய பேசினில் பிசைந்து நடுவில் வைத்தேன். எல்லாரையும் கை கழுவச் சொல்லிச் சுற்றி உட்கார வைத்தேன். நிலாச்சோறு போல ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு உருண்டை, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி, குழியில் இரண்டு துண்டு வறுவல். கை சுற்றி வருவதற்குள் முதல் கை மறுபடி நீண்டுவிடும். யார் எத்தனை வாங்கினார்கள் என்று யாருக்கும் கணக்கில்லை, போதும் என்று மறைக்கத் தட்டும் இல்லை. அந்தப் பையன் ஒன்பது உருண்டை வாங்கினான். அதே சாதம், அதே கிழங்கு. தட்டில் போட்டிருந்தால் இரண்டு கரண்டியில் நிறுத்தியிருப்பான்.

பன்னிரண்டு வயதுக்கு மேலான பெண் பிள்ளைகள் உருண்டைக்குக் கொஞ்சம் வெட்கப்படுவார்கள். அவர்களுக்குத் தட்டு. தட்டு என்றால் வீட்டுப் பிள்ளை தின்னும் அதே எவர்சில்வர் தட்டு, அதே டம்ளர். தஞ்சாவூர்ப் பக்கம் தனித் தட்டு, தனித் திண்ணை எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பாட்டி முணுமுணுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

முட்டை வைப்பது நல்லது. ஆனால் கேட்காமல் வைக்கக் கூடாது. முட்டை தின்னாத பிள்ளைக்குச் சத்துணவில் வாழைப்பழம் கொடுப்பார்கள், நானும் அதையேதான் செய்கிறேன். கறி சமைக்கும் நாளில் பாய் வீட்டுப் பிள்ளை வந்தால் அது ஹலாலா என்று அவன் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அதனால் கறியை வேறொரு நாளுக்குத் தள்ளிவிடுவேன். மீன் வேண்டவே வேண்டாம். விராலாவது பரவாயில்லை, கெண்டையில் பொடி முள் ஏராளம். ஒரு வருஷம் அண்ணன் மகனுக்கு ஆசையாகக் கெண்டைக் குழம்பு ஊற்றி, தொண்டையில் முள் குத்தி, கும்பகோணத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடி மருத்துவரிடம் காட்டி எடுத்தோம். பழைய சோறு எங்கள் பிள்ளைகளுக்கு உயிர், சென்னைப் பிள்ளைகளும் கேட்டு வாங்கித் தின்பார்கள். ஆனால் தெருப் பிள்ளைக்கு நாமாக எடுத்து வைத்தால் மிச்சத்தைப் போட்டதாக ஆகிவிடும், கேட்டால் மட்டும் கொடுக்கலாம்.

இப்போதெல்லாம் முதல் நாள் சாயங்காலமே ஐந்து அம்மாக்களுக்கும் போன் போட்டுவிடுகிறேன். “அக்கா, நாளைக்குப் புள்ளைங்க இங்கயே சாப்பிடட்டும், முட்டை வைக்கலாமா?” அவ்வளவுதான் பேச்சு. போன வாரம் அந்தப் பையனின் அம்மா, “புதன்கிழமை எனக்கு வேலை இல்ல, அன்னைக்கு எல்லாரையும் எங்க வீட்டுக்கு அனுப்புங்க, நான் உருட்டிப் போடுறேன்” என்றாள். ஏழு பேரோடு என் மகளும் போனாள். என்ன சாதம் என்று கேட்டதற்கு, “புளி சாதம், அப்பளம். நான் ஆறு வாங்கினேன்” என்றாள்.