ட்ரையர் திருத்த ஆள் கூப்பிட முதல் இதை ஒருக்கால் வாசியுங்கள் (என்னுடைய 420 டொலர் போன விதம்)

420 டொலர். ட்ரையரின் (உடுப்புக் காயவைக்கிற மெஷின்) ட்ரம் சீலை மாற்றுகிறோம் என்று வாங்கிக்கொண்டு, மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நேற்றிரவுதான் முழு விஷயமும் தெரியவந்தது. இன்னும் கோபம் அடங்கவில்லை, எழுத்து அங்கும் இங்கும் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே டொரொன்டோ ஸ்காபரோவில் எங்கட ஆட்கள் கனபேர் இப்படித்தான் ஃபோனில் ஆப் வழியாகத் திருத்த ஆள் கூப்பிடுகிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளில் பழுப்பும் கறுப்புமாகக் கோடுகள் விழத் தொடங்கின. எண்ணெய்க் கறை மாதிரி, ஆனால் நீளமாக, இழுத்துவிட்ட மாதிரி. உடுப்புப் போடுகிற ட்ரம் சுற்றும்போது ஒரு உரசல் சத்தம். ஒரு மணித்தியாலம் ஓடின பிறகும் ஜீன்ஸின் இடுப்புப் பக்கம் ஈரமாகவே இருந்தது. அப்புறம் ஒருநாள் அம்மாவின் மெல்லிய பருத்திச் சேலையின் ஓரம் ட்ரம்முக்கும் முன்பக்கத் தகட்டுக்கும் இடையில் போய்ச் செருகி, வெளியே இழுக்கும்போது கிழிந்தே போய்விட்டது. அதோடுதான் சரி, ஆளைக் கூப்பிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

இது ட்ரம் சீலாகத்தான் இருக்கும் என்று கொஞ்சம் வாசித்து எனக்கே ஒரு ஊகம் இருந்தது. சுற்றுகிற ட்ரம்முக்கும் அசையாமல் நிற்கிற தகட்டுக்கும் நடுவில் தடித்த கம்பளித் துணி மாதிரி ஒரு ஃபெல்ட் வளையம் இருக்கும். சூடான காற்று ட்ரம்முக்குள்ளேயே போகவேண்டும், வெளியே கசியக்கூடாது, துணி இடுக்கில் மாட்டக்கூடாது, இதற்குத்தான் அது. அது தேய்ந்தால் காற்று கசியும், உடுப்பு காயாது, துணி ஓரம் உள்ளே போய் உலோகத்தில் உரசிக் கறுக்கும். எங்கள் வீட்டில் நடந்தது எல்லாம் அப்படியே இதுதான்.

ஆப்பில் பதிந்தேன். வந்து பார்க்கும் கட்டணம் மட்டும் ஆப்பில் கட்டவேண்டும், சாமானுக்கும் கூலிக்கும் வருகிற ஆளிடமே நேரடியாகக் கட்டுங்கள் என்று ஆப்பே குறுஞ்செய்தி அனுப்பியது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு இதையே திருப்பிச் சொல்லித்தான் என்னைக் கழற்றிவிட்டார்கள்.

வந்தவர் தமிழர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு "வணக்கம் அக்கா" என்று சொன்னவுடன் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. கீழே பேஸ்மென்டில் ட்ரையரைத் திறந்து, ட்ரம்மின் மேல் விளிம்பைக் கையால் தூக்கிக் காட்டினார், ஒரு விரல் போகிற அளவுக்கு இடைவெளி. "பாருங்கோ அக்கா, முன் சீலும் போயிட்டுது, பின் சீலும் போயிட்டுது, ரோலரும் தேய்ஞ்சிட்டுது." (ரோலர் என்றால் ட்ரம்மைத் தாங்குகிற சின்னச் சில்லு.) இதில் பொய் ஒன்றுமில்லை, சீல் உண்மையில் போயிருந்தது. நோயைச் சரியாகச் சொல்லிவிட்டு மருந்தில் ஏமாற்றினார், அதுதான் இன்னும் எரிகிறது.

420 என்றார். கொஞ்சம் யோசித்தேன். அப்போது அம்மா படியில் நின்று இருமினா. அவர் உடனே திரும்பி, "அம்மாவுக்கு ஆஸ்துமாவோ? தூசி பறக்கும், மேலயே இருக்கச் சொல்லுங்கோ, நான் கதவைச் சாத்திப்போட்டு வேலை செய்யிறன்" என்றார். அம்மாவை நினைத்துச் சொல்கிறாரே என்று எனக்கு மனம் இளகிவிட்டது. "நாங்கள் எங்கட ஆக்களுக்குப் பிழையாச் செய்வமோ அக்கா?" என்று வேறு கேட்டார். அந்தக் கதவைச் சாத்தினது யாருடைய நன்மைக்கு என்று இப்போது தெரிகிறது.

முக்கால் மணித்தியாலத்தில் முடித்துவிட்டு மேலே வந்தார். புதுச் சீல் பெட்டியில் இருக்கிற படத்தை ஃபோனில் காட்டினார். பழையதைக் கேட்டேன், "அது சரியான ஊத்தை அக்கா, நானே கொண்டுபோய் எறியிறன்" என்றார். உடனே ஓடவிட்டும் காட்டினார், சத்தம் குறைந்துதான் இருந்தது. ஈ-ட்ரான்ஸ்ஃபரில் (வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்புவது) 420 டொலர் போனது. "90 நாள் காரண்டி" என்று வாயால் சொன்னார். பில்லில் இருந்தது ஒரே வரி: ட்ரையர் வேலை, 420.

கிழமை கழியவில்லை, அதே சத்தம். அதே கறுப்புக் கோடு.

அவருக்கு ஃபோன் எடுத்தேன். "வேலையில நிக்கிறன் அக்கா, பின்னேரம் எடுக்கிறன்." பின்னேரம் வரவில்லை. மற்ற நாள், "புதுச் சீல் செட்டாக நாள் எடுக்கும்." பிறகு, "நீங்கள் கனக்க உடுப்புப் போடுறியள் போல." பிறகு செய்தி போனது, நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்.

நேற்று என் மைத்துனர் வந்தார், கட்டடப் பராமரிப்பு வேலை செய்கிறவர். பிளக்கைக் கழற்றிவிட்டு மேல் தகட்டையும் முன் தகட்டையும் எடுத்தார். உள்ளே அதே பழைய சீல்! அடிப்பக்கம் தேய்ந்து நூல் நூலாகத் தொங்குகிறது, ஒரு இடத்தில் ஃபெல்ட்டே இல்லை, தகடு தெரிகிறது. கழன்ற இடங்களில் ஏதோ வெள்ளைப் பசையைப் பூசி அழுத்தியிருக்கிறார். அது சூட்டில் பொரிந்து, நகத்தால் தொட்டவுடன் செதில் செதிலாக உதிர்ந்தது. பின் சீலைத் தொடவே இல்லை. ரோலர்கள் பழையதுதான், ஒன்றில் ரப்பர் வெடித்திருக்கிறது. ஸ்குரூ இரண்டைக் காணோம். அடியில், மோட்டாரைச் சுற்றி, உடுப்பிலிருந்து உதிர்கிற சாம்பல் நிறப் பஞ்சு குவிந்து கிடந்தது. சீல் கசிந்தால் பஞ்சு இப்படித்தான் உள்ளே சேரும், அது தீப்பிடிக்கக்கூடிய சாமான். அம்மாவும் பிள்ளையும் படுக்கிற அறைக்கு நேர் கீழே இதை ஓடவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். 420 டொலரை விட இதை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது.

மைத்துனர் இன்னொன்றும் சொன்னார். இந்தச் சீலுக்குச் சூடு தாங்குகிற தனிப் பசை போடவேண்டும், அது காயும் வரை ட்ரையரை ஓடவிடக்கூடாது. ஒட்டின கையோடு ஓடவிட்டுக் காட்டினார் என்று நான் சொன்னவுடனேயே அவருக்கு விளங்கிவிட்டதாம். மொடல் இலக்கத்தைக் கொடுத்து இன்று முன் சீலும் பசையும் வாங்கினோம், இரண்டும் சேர்த்து 60 டொலருக்குள்தான்.

ஆப்காரர்களுக்குப் படங்களோடு எழுதினேன். முதலில் தானாக வருகிற பதில், "உங்கள் முறைப்பாடு எங்களுக்கு முக்கியம்." பிறகு ஒரு பெண் கதைத்தார், சாமான் காசு எங்களிடம் கட்டப்படவில்லை, அது உங்களுக்கும் அவருக்கும் இடையில் என்றார். நேரடியாகக் கட்டச் சொன்னதே நீங்கள்தானே என்று அந்தச் செய்தியைக் காட்டினால், அவர் எங்கள் ஊழியர் இல்லை, சுயமாகத் தொழில் செய்பவர் என்றார். அடுத்து வந்தவர் இன்னும் ஒரு படி மேலே: வேறு ஆள் திறந்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாதாம். திறக்காமல் பழைய சீல் இருப்பதை நான் எப்படிக் காண்பது? அதற்குப் பதில் இல்லை. நான் போட்ட விமர்சனம் "பரிசீலனையில்" இருக்கிறது, அந்த ஆளின் பெயரும் நல்ல நட்சத்திரங்களோடு அங்கேயே இருக்கிறது. வங்கியிலும் கேட்டேன், காசு மற்றவரின் கணக்கில் விழுந்த பிறகு ஈ-ட்ரான்ஸ்ஃபரைத் திருப்ப முடியாது என்றுவிட்டார்கள்.

விடப்போவதில்லை. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் சொல்லிச் செய்த ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து ரத்துச் செய்யலாம். கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், மாகாண நுகர்வோர் பிரிவுக்கும் முறைப்பாடு போகிறது.

எல்லாம் விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், நேரம் இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், அப்படி வாங்கினால் அதற்கு மேல் 10 வீதத்தை விடக் கூட்டி எடுக்க இங்கே சட்டம் விடாது. எந்தச் சாமான், என்ன இலக்கம் என்று பில்லில் இருக்கவேண்டும். பழைய சீலை உங்கள் கையில் தந்த பிறகுதான் காசு, அதுவும் கடன் அட்டையில். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், தூசி என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். உடுப்பில் கறுப்புக் கோடு கண்டால் ட்ரையரை நிற்பாட்டுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், உள்ளே சேர்ந்த பஞ்சை எடுக்கும் வரை திரும்பப் போடவேண்டாம்.