சிடி சுழல்கிறது, திரை கருப்பு: பப்பியா, ஆன்ட்டிஎக்ஸா, டைனி கோரா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் தமிழ் டியூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். போன மாதம் ஒரு பழைய மடிக்கணினியைக் கொண்டு வந்து, "தம்பி, இது ஓடுமா ஓடாதா, அதை மட்டும் சொல்லு" என்று கையில் திணித்துவிட்டுப் போனார். பென்டியம் எம் சில்லு, 512 எம்பி ராம், சிடி மட்டும் படிக்கும் டிரைவ். கேள்வித்தாள் தட்டச்சு செய்ய வேண்டும், அச்செடுக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

இப்படிப்பட்ட பெட்டிக்கு இலேசான லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்; பப்பி, ஆன்ட்டிஎக்ஸ், டைனி கோர் எல்லாம் அதன் வகைகள்) எது என்று கேட்டால் ஆளாளுக்கு எம்பி கணக்குச் சொல்வார்கள். இந்தப் பெட்டியோடு மூன்று இரவு மல்லுக்கட்டிய பிறகு நான் வேறு மாதிரி அளக்கிறேன். கிளம்பாமல் நிற்கும்போது எது வாயைத் திறந்து காரணம் சொல்கிறது? பழைய கணினியில் எதுவும் முதல் தடவையே கிளம்பாது.

ஒப்பிடுவதற்கு முன் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வெற்று சிடி தேடி கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா வரை போய் வந்தேன். அந்த அவசரத்தில், ஐஎஸ்ஓ கோப்பை (முழு சிடியின் பிரதியை ஒரே கோப்பாகக் கட்டியது) இமேஜாக எரிக்காமல், பாட்டு ஏற்றுவது போல அப்படியே சிடியில் போட்டுவிட்டேன். கருப்புத் திரையில் ஒற்றைக் கோடு கண் சிமிட்டியது. தப்பு யாருடையது என்று கண்டுபிடிப்பது சுலபம். அந்தச் சிடியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு தெரிந்தால் எரித்தது தவறு. பூட், ஐசோலினக்ஸ் போன்ற பெயரில் அடைவோ கோப்புகளோ தெரிந்தால் சரி. இறக்கிய கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணையோ எம்டி5 எண்ணையோ தளத்தில் உள்ளதோடு ஒத்துப் பார்ப்பதும், எரிக்கும் வேகத்தைக் குறைப்பதும் இதோடு சேர்ந்தவை. பழைய டிரைவின் லென்ஸ் 48 மடங்கு வேகத்தில் எரித்த சிடியைப் பார்த்து முகம் சுளிக்கும். 8 மடங்கில் எரித்ததைப் பேசாமல் படித்துவிடும்.

அடுத்த தடை சில்லு. 2003-ல் வந்த முதல் தலைமுறை பென்டியம் எம்-மில் பிஏஇ என்ற வசதி (4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைக் கையாள்வது) உள்ளுக்குள் இருக்கிறது, ஆனால் இருப்பதாக அது சொல்லிக்கொள்வதில்லை. அதனால் பிஏஇ கேட்கும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), "இந்தச் சில்லு எனக்கு ஆகாது" என்கிற மாதிரி ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். இன்னொரு இலேசான லினக்ஸான லுபுண்டு 18.04-ஐ 'ஃபோர்ஸ்பிஏஇ' என்று பூட் வரியில் (கிளம்பும்போது தட்டும் கட்டளையில்) சேர்த்துக் கிளப்பலாம். ஆனால் அதற்கான ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்தது. 19.04 முதல் வந்த லுபுண்டுகளில், இந்தச் சில்லுக்கு வேண்டிய 32 பிட் வடிவம் கிடையாது. ஆக, லுபுண்டு ஆட்டத்திலேயே இல்லை.

பப்பி லினக்ஸை ஆஸ்திரேலியாவில் பாரி காலர் 2003-ல் தொடங்கினார். இந்தப் பெட்டிக்கு ஏற்றது பிஏஇ இல்லாத தார் பப்பி 6. சிடியில் இடம் மிச்சம் வைக்கும் அளவு, ராமில் முழுசாக ஏறிக்கொள்ளும். ஏறிவிட்டால் சிடியை வெளியே எடுத்துவிடலாம், 512 எம்பியிலும் சுறுசுறுப்பாக ஓடும். விழும்போது இது சொல்லும் காரணம் எனக்குப் பிடித்தது: எஸ்எஃப்எஸ் என்ற முதன்மைக் கோப்பின் பெயரைச் சொல்லி, அது கிடைக்கவில்லை என்று எழுதி, வெறும் கன்சோலில் இறக்கிவிடும். முதலில் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். ஆனால் அதன் பொருள் இவ்வளவுதான்: கெர்னல் ஓடுகிறது, சிடி டிரைவ்தான் பெரிய கோப்பைக் கொடுக்கத் திணறுகிறது. அந்த ஒரு கோப்பை மட்டும் வேறு கணினி வழியாக ஹார்ட் டிஸ்கின் ஒரு பகுதியில் நகலெடுத்து வையுங்கள். பப்பி எல்லாப் பகுதிகளையும் துழாவி அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அன்றைக்கு ஓடியது இன்றைக்கு ஓடவில்லை என்றால், 'பப்பி பிஃபிக்ஸ்=ராம்' என்று தட்டினால் பழைய சேமிப்புக் கோப்பை விட்டுவிட்டுப் புதிதாகக் கிளம்பும். குறை என்றால், எல்லாம் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராகவே ஓடும். டியூஷன் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

டைனி கோர் அளவில் எல்லாரையும் மிஞ்சும். சித்திரத் திரையோடு சேர்த்தே 20-சொச்சம் எம்பி. கெர்னலும் அடிப்படையும் ராமில் ஏறிவிடுவதால் அநேகமாக எதிலும் கிளம்பும். ஆனால் சிக்கல் வந்தால் ஊமையாகிவிடும். கூடுதல் நிரல்களைப் படிக்க முடியாவிட்டால், எந்தப் புகாரும் இல்லாமல் 'டிசி@பாக்ஸ்' என்று ஒரு வரி காட்டி நிற்கும். ஓடியதா விழுந்ததா என்று நாம்தான் யோசிக்க வேண்டும். 'வெயிட்யுஎஸ்பி=5' என்று சேர்த்தால் ஐந்து வினாடி பொறுத்துத் தேடும், பல சமயம் அதுவே போதும். வைஃபை வேண்டுமென்றால் பெரிய வடிவமான கோர் பிளஸ் எடுக்க வேண்டும். நாமே தட்டித் தட்டிக் கட்டிக்கொள்ளும் வீடு இது. எனக்குப் பிடிக்கும், அக்காவுக்குச் சரிப்படாது.

மூன்றாவது ஆன்ட்டிஎக்ஸ் 23. டெபியன் 12 என்ற லினக்ஸை அடித்தளமாக வைத்து 2023-ல் வந்தது. 32 பிட் வடிவத்தில் பிஏஇ கேட்காத கெர்னல் இருக்கிறது. கோளாறு பார்ப்பதற்கென்றே செய்ததுபோல் இதன் பூட் திரை: எஃப் விசைகளில் மொழி, சேமிப்பு முறை, கன்சோல் என்று தனித்தனி மெனு. 'செக்எம்டி5' என்று சேர்த்தால் ஊடகம் கெட்டதா என்று கிளம்பும்போதே சரிபார்க்கும். திரை மட்டும் இருண்டால் 'நோமோட்செட்' கைகொடுக்கும். முழு வடிவத்தில் லிப்ரே ஆபிஸும் கூடவே வருகிறது.

அப்படியானால் ஏன் முதலிலேயே இதைச் சொல்லவில்லை? சிடியில் அடங்காதே! முழு வடிவம் ஒரு ஜிபிக்கு மேல். சிடிக்குள் அடங்கும் ஆன்ட்டிஎக்ஸ் கோர், நெட் வடிவங்களில் சித்திரத் திரை இல்லை. பென்டிரைவில் ஏற்றலாம் என்றால் இந்தப் பெட்டியின் பயாஸுக்கு (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) யுஎஸ்பியிலிருந்து கிளம்பவே தெரியாது. இங்கேதான் பிளாப் பூட் மேனேஜர் வருகிறது. அதை ஒரு சிடியில் எரித்துப் போட்டால், தன் சொந்த யுஎஸ்பி டிரைவரோடு எழுந்து, பென்டிரைவைத் திறந்து கொடுத்துவிடும். கெர்னல் ஏறும்வரை ஆமை வேகம்தான். அந்த நேரத்தில் நான் ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்துவிட்டு வந்தேன். அப்புறம் லினக்ஸின் டிரைவரே பொறுப்பேற்றுக்கொள்ளும்.

தமிழிலும் வித்தியாசம் தெரிந்தது. எழுத்துரு இல்லாமல் தார் பப்பியில் தமிழ்ப் பக்கம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. லோகித் தமிழ் எழுத்துருவை அடைவில் போட்டதும் படிக்க முடிந்தது, தட்டச்சுக்கு இன்னும் வேலை இருந்தது. ஆன்ட்டிஎக்ஸில் ஏப்ட் என்ற நிறுவல் கருவி வழியாக எழுத்துருவும், தட்டச்சுக்கான ஐபஸ் எம்17என்-னும் நிறுவினேன். தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது. ஆனால் அக்கா முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழகியவர். முத்து நெடுமாறன் 1985-ல் இந்த மலேசிய மண்ணிலிருந்தே செய்து கொடுத்தது அது. ஒலிப்பு விசைப்பலகையைக் காட்டினேன், கை உடனே பழகிக்கொண்டது.

ஒன்று மட்டும் முன்பே சொல்லி வைத்தேன்: 512 எம்பியில் இன்றைய இணையதளங்கள் மூச்சு முட்டும். "பரவாயில்லை, பிள்ளைங்க யூடியூப் பார்க்காம இருந்தா சரி" என்றார். பிளாப் சிடி டிரைவிலேயே கிடக்கிறது. அதன்மேல் மார்க்கரால் 'எடுக்காதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.